தொற்றுநோய்க்குப் பின் மீட்சி: பிஜித் தீவுகள் தரும் பாடம்

பசிபிக் சமுத்திரத்தின் தென்பாகத்திலுள்ள பிஜி, முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடாகும். ஏறத்தாழ 9 இலட்சம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களும் அவருள் அடங்குவர். உல்லாசப் பிரயாணமே அந்நாட்டின் முதன்மையான வருவாயாகும்.

2020 மார்ச்சு மாதத்தில் கொவிட்-19 நோய் காரணமாக எல்லைகள் மூடப்பட்டன. 2021 டிசெம்பர் மாதத்திலேயே உல்லாசப் பிரயாணிகளுக்கு மீண்டுந் திறக்கப்பட்டன. 2020 ஆம் ஆண்டில் பொருளாதாரம் ஏறத்தாழ 17 சதவீதம் சுருங்கியது. விடுதிகளில் வேலை இழந்தோர் பலர் கிராமங்களுக்குத் திரும்பி மண்வெட்டியை எடுத்தனர். அரசாங்கம் வீட்டுத்தோட்டத்திற்கென மரக்கறி விதைகளை வழங்கியது. அதே ஆண்டு ஏப்பிரலில் ஹரோல்ட் சூறாவளியும் டிசெம்பரில் யாசா சூறாவளியும் பயிர்களை அழித்தன.

ஒரே பொட்டலம், வேறுவேறு பயன்

பிஜியின் நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பழங்குடியினரின் பொதுவுரிமைக் காணியாகும். அதனை விற்க இயலாது, குத்தகைக்கே பெறலாம். மரபுக் காணிக்குத் திரும்பியவருக்கு நடுவதற்கு இடமிருந்தது. நகர்ப்புறக் குடிசைகளில் வாழ்வோருக்கு ஒரு பாத்தி நிலமும் அரிது. சந்தையில் மரக்கறி விற்போரிற் பெரும்பாலோர் பெண்கள். காணிப் பத்திரம் காட்டுவோருக்கு மட்டும் உதவி என விதிப்பின், குத்தகையாளரும் கூலியாட்களும் இப்பெண்களும் விடுபடுவர். ஆகவே சம அளவில் வழங்குவது மட்டும் நீதியாகாது.

எதனை முதலில் நடுதல் வேண்டும்?

கீரைவகை 30 நாட்களில் உணவாகும். பழைய பெட்டியிலும் சாக்கிலும் வளரும். நிலமற்றோருக்கு இதுவே ஏற்றது. வற்றாளை நான்கு மாதமளவில் கிழங்கு தரும். மரவள்ளிக்கும் சேம்பிற்கும் அதனிலும் கூடிய காலம் வேண்டும். கலப்பின விதைப் பயிரிலிருந்து எடுக்கும் விதை தாய்ப்பயிரின் இயல்பைச் சரிவரத் தராது. அடுத்த போகத்திலும் விதைக்குப் பணம் வேண்டும். கொடியும் தடியும் கிழங்குத் துண்டும் அயலவரிடமிருந்து கைமாறக் கூடியவை.

கமக்காரர் அமைப்புகள் செய்யக்கூடியவை

இலங்கையிலும் 2020 இல் ஊரடங்கின்போது மரக்கறிச் செய்கையாளர் விளைபொருளைச் சந்தைக்கு அனுப்ப இயலாது இடர்ப்பட்டனர். எனவே பின்வருவனவற்றை முன்கூட்டியே செய்தல் நன்று.

1. குத்தகையாளர், கூலியாட்கள், குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் ஆகியோரின் பெயர்களையும் பட்டியலிற் சேர்த்தல்.

2. ஊருக்கொரு வற்றாளை, மரவள்ளி நாற்றுமேடை வைத்திருத்தல்.

3. வழங்கிய விதை எவரெவரைச் சென்றடைந்தது என்பதைக் கூட்டத்திற் பகிரங்கமாக வாசித்தல்.

இடர் வந்தபின் எழுதப்படும் பட்டியலில் முன்வந்து நிற்பவரின் பெயரே முதலில் ஏறும். இடர் வருமுன் எழுதப்படும் பட்டியலில் ஊரார் அனைவருக்கும் இடமுண்டு.