ஆராய்ச்சி எம்.எஸ். சேரப்போகும் தங்கச்சிக்கு



விண்ணப்பத்தோடு வைக்க நீ எழுதி அனுப்பிய எஸ்.ஓ.பி.யை, அதாவது நோக்க அறிக்கையை, படித்தேன். எண்ணூர் எண்ணெய்க் கசிவு, மணலிப் புகை, துறைமுகச் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் டிரெய்லர்கள், மூன்றையும் ஒன்றரைப் பக்கத்தில் ஏஐ வைத்துத் தீர்த்துவிட்டாய். திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு அந்தக் கோபம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். ஆனாலும் நேர்முகத்தில் எதிரே உட்காரும் பேராசிரியர் உன் கோபத்தைக் கேட்க மாட்டார். எதை அளக்கப்போகிறாய், எதோடு ஒப்பிடப்போகிறாய் என்று கேட்பார். உன் ஒன்றரைப் பக்கத்தில் அதற்கு விடை இல்லை.

உங்கள் வீட்டில் ஆராய்ச்சி எம்.எஸ்.ஸை எம்.டெக். மாதிரி இன்னொரு படிப்பு என்று நினைக்கிறார்கள் போல. எம்.டெக்.கில் பாதிக் காலம் பாடம், மீதி ப்ராஜெக்ட், முடிவில் கேம்பஸ் வேலை. ஐஐடி மெட்ராஸின் ஆராய்ச்சி எம்.எஸ்.ஸில் பாடங்கள் குறைவு. இரண்டு மூன்று வருஷம் ஒரு வழிகாட்டியிடம் ஒரே கேள்வியோடு இருந்து, ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் அதைக் காப்பாற்ற வேண்டும். நன்றாகப் போனால் அங்கேயே பிஎச்.டி.க்கு மாற்றிக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் பட்டத்தோடு மரியாதையாக வெளியே வரலாம். பி.இ. முடித்ததும் நேரே பிஎச்.டி.க்குள் குதித்து, நாலாம் வருஷம் திண்டாடுகிறவர்களைப் பார்த்திருப்பதால், இந்த வாசலை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐஐடி இயக்குநர் காமகோடி வந்த வழியும் இதுதான். பி.இ. முடித்தது வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியில். பிறகு ஐஐடியில் எம்.எஸ்., பிஎச்.டி. அவர் குழுவின் ‘சக்தி’ ப்ராசஸர் 2018-இல் சண்டிகரில் 180 நானோமீட்டர் சில்லாக வந்தது. தனியார் கல்லூரிப் பட்டம் என்று நீ கூச்சப்பட வேண்டியதில்லை. கணக்கும் தியரியும்தான் பிடிக்கும் என்றால் சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் எம்.எஸ்சி.யையும் பார்.

இனி உன் மூன்று பிரச்சினைகளில் ஒன்றை எடுப்போம். அப்பா டிரெய்லர் ஓட்டுகிறவர் என்பதால் கன்டெய்னரையே எடுக்கிறேன். யார்டில் கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது அடியில் இருந்தால், மேலே உள்ளவற்றைக் கிரேன் முதலில் நகர்த்த வேண்டும். எங்கே நகர்த்துவது? மூன்று அடுக்கு என்று வை. முதல் அடுக்கில் அடியில் 1, அதன் மேல் 3. இரண்டாவதில் 2. மூன்றாவதில் 4. எண்கள்தான் வெளியே போகும் வரிசை. 1-ஐ எடுக்க 3-ஐத் தூக்கி 2-இன் மேல் வைத்தால், அடுத்த லாரிக்கு அதே 3-ஐ மறுபடி தூக்கணும். 4-இன் மேல் வைத்தால் ஒரே தூக்கோடு வேலை முடிந்தது. நாலு பெட்டிக்கு இது விளையாட்டு. யார்டு அளவுக்குப் போனால், மிகக் குறைந்த தூக்குகளில் முடிக்கும் வழியைக் கண்டுபிடிப்பது என்பி-கடினம் என்று 2012-இல் கசெர்ட்டா, ஷ்வார்ட்ஸே, வோஸ் மூவரும் நிறுவினார்கள்.

அவர்கள் கணக்கில் எந்த லாரி எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். துறைமுகத்தின் காசிமேடு ஜீரோ கேட் வரிசையில் நின்றவர் வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்ததென்றால், அங்கேதான் உன் கேள்வி இருக்கிறது. கேட்டைத் தாண்டிய அடுத்த பத்து லாரிகளின் வரிசை மட்டும் தெரிந்தால் வீண் தூக்கு எவ்வளவு குறையும்? ஐந்துதான் தெரிந்தால்? இந்தப் பக்கத்திலும் ஏற்கெனவே ஆள் நடமாட்டம் உண்டு. அவர்கள் எதுவரை போனார்கள், எந்த அனுமானத்தில் நின்றார்கள் என்று தேடிப் படிக்கவே முதல் ஆறு மாதம் போய்விடும், போகட்டும். துறைமுக நெரிசலை நீ தீர்க்கப்போவதில்லை. அதில் சாலை, சுங்கம், ஸ்கேனர் என்று உன் கைக்கு எட்டாதவை ஏராளம்.

வழிகாட்டியைப் பெயரைப் பார்த்துப் பிடிக்காதே. அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களை கேன்டீனில் உட்கார்த்திப் பேசு. கொடுத்த டிராஃப்ட் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, இரண்டையும் கேட்டாலே போதும்.

பணம். கேட் தேர்வு மூலம் வரும் அரைநேர உதவியாளர் தொகை, கையில் இருக்கும் ஓஎம்ஆர் கம்பெனி சம்பளத்துக்கு ஈடாகாது. அதற்கும் ஜூனியர்களின் லேப் பார்க்கணும், பேப்பர் திருத்தணும். வீட்டில் கடன் கழுத்தைப் பிடிக்கிறதென்றால் இரண்டு வருஷம் வேலைக்குப் போய்விட்டு வா. இதில் வெட்கமே இல்லை, எம்.எஸ்.ஸுக்கு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. சேர்ந்தால் மட்டும் விடுதியில் தங்கு. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேரே கிண்டி என்று அம்மா சொல்வார். ஆனால் ஆராய்ச்சி வேலை நகர்வது பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல், பக்கத்து மேஜைக்காரர் உன் போர்டைப் பார்த்து "இது தப்பாச்சே" என்னும்போது. வீட்டிலிருந்து வந்துபோனால் அதற்குள் நீ வண்ணாரப்பேட்டை தாண்டியிருப்பாய்.

நேர்முகத்துக்கு கிராஃப், ப்ராபபிலிட்டி, லீனியர் அல்ஜீப்ரா மூன்றையும் நோட்டில் போட்டுப் பழகு. எஸ்.ஓ.பி.யை மறுபடி எழுது. அதற்கு முன் அப்பா ஒரு டிரிப் முடித்து வந்ததும், டோக்கன் வாங்கியதிலிருந்து பெட்டி ஏறும்வரை என்னென்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள். ஒரு பக்கம் போதும். ஏஐ என்ற சொல் அதில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ராயபுரம் அக்கா