‘டாக்டர் சொன்னார்’ – எந்த டாக்டர்?

சென்ற இதழில், பரிசோதனைச் சீட்டில் காணப்படும் ‘பாசிட்டிவ்’ என்னும் சொல் ஏன் எப்போதும் நற்செய்தி ஆவதில்லை என்று பார்த்தோம். இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் சொல்லுக்குப் பொருள் கூறப் புகுவதே சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ‘டாக்டர்’ என்னும் சொல்லை அறியாதார் யார்? ஆயினும், மருத்துவமனைக்குள் மிகுதியான குழப்பம் விளைவிக்கும் ஆங்கிலச் சொற்களுள் அதுவும் ஒன்று என்பது எங்கள் அனுபவம்.

சில மாதங்களுக்கு முன், இதய நோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு முதியவர் தம் மனைவியுடன் வந்தார். முந்தைய ஆண்டு இதயத்தின் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் அவர். இரத்தம் உறையாமல் இருக்க நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மாத்திரையை அவர் உட்கொள்ளவில்லை. காரணம் கேட்டபோது, “டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார்” என்றார் அம்மையார். அறையில் இருந்த இளம் மருத்துவர், தம் துறையின் மூத்தவரே அவ்வாறு கூறியிருப்பார் என்று எண்ணி அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டார். இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் மட்டும், “எந்த டாக்டர் அம்மா?” என்று கேட்டார்.

குடலிறக்கத்துக்கு வேறோர் ஊரில் அறுவை செய்த டாக்டர். அறுவைக்கு முன் ஐந்து நாள்கள் நிறுத்துமாறு அவர் கூறியிருந்தார். அறுவை முடிந்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. மாத்திரையைத் திரும்பத் தொடங்கவில்லை; இதய டாக்டரே நிறுத்திவிட்டதாக வீட்டார் அனைவரும் நம்பியிருந்தனர். ஸ்டென்ட் உள்ளே இரத்தம் உறைந்தால் விளைவது மாரடைப்பு. இதில் எவரும் பொய் உரைக்கவில்லை. எவரும் மருந்தை மாற்றிக் கொடுக்கவும் இல்லை. ஒரே சொல் இருவரைக் குறித்தது, அவ்வளவே. ஓர் உயிர் ஊசலாட அது போதுமானதாக இருந்தது.

இச்சொல் இவ்வளவு அகன்று நிற்பதற்கு அதன் பிறப்பும் ஒரு காரணம். இலத்தீன் மொழியில் ‘டாக்டர்’ என்றால் ஆசிரியர், கற்பிப்பவர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், சமயம், மருத்துவம் ஆகியவற்றில் உயர்ந்த தேர்ச்சி பெற்றோர்க்கு வழங்கிய பட்டம் அது. ஆகவே தமிழிலோ இயற்பியலிலோ முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியரும் முறைப்படி டாக்டரே. பல் மருத்துவரும் டாக்டர். சித்த மருத்துவரும் டாக்டர். கால்நடை மருத்துவரும் டாக்டர். ஊர்ப்புறத்தில் மருந்துக் கடைக்காரரையும் முன்னாள் கம்பவுண்டரையும் மக்கள் அன்பு மிகுதியால் அவ்வாறே அழைப்பர். அன்பை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் “டாக்டர் ஊசி போட்டார்” என்று எங்களிடம் கூறும்போது, அவர் யார் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இனி, மருத்துவமனைப் பலகைகளில் காணும் பிற சொற்கள். ‘ஃபிசிஷியன்’ என்பவர் மருந்துகளால் நோய் தீர்க்கும் பொது மருத்துவர். அமெரிக்காவில் இச்சொல் எல்லா மருத்துவரையும் குறிக்கும். நம்மிடையே பெரும்பாலும் பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றவரையே குறிக்கிறது. ஃபிசியோதெரபிஸ்ட் வேறு, அவர் இயன்முறை சிகிச்சையாளர். கதிரியக்கப் பிரிவில் ‘ஃபிசிசிஸ்ட்’ என்றொரு பலகையும் இருக்கக்கூடும். அவர் கதிர் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர். இம்மூன்றையும் ஒன்றாகக் கொண்டு தவறான அறையின் முன் அரைநாள் காத்திருந்தோர் உளர்.

‘சர்ஜன்’ அறுவை மருத்துவர். ‘கையால் செய்யும் வேலை’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. நம்மவர் ‘கைராசியான டாக்டர்’ என்று கூறுவதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு அதுவே நினைவுக்கு வரும். லண்டன் நகரில் 1540 முதல் 1745 வரை அறுவை செய்வோரும் நாவிதரும் ஒரே சங்கத்தினராய் இருந்தனர். பல்கலைக்கழகப் பட்டம் அக்கால அறுவையாளர்க்கு இல்லை. அதனால் இங்கிலாந்தில் இன்றும் சர்ஜனை ‘டாக்டர்’ என்னாமல் ‘மிஸ்டர்’ என்றே அழைப்பர். தமிழகத்திலும் முடிதிருத்தும் தொழில் செய்த சமூகத்தார் மருத்துவம் பார்த்தனர். அவர்தம் பெண்டிர் பேறுகாலம் பார்த்தனர். மருத்துவர், மருத்துவச்சி என்னும் பெயர்கள் அவர்களிடமும் வழங்கின என்பதை இங்கு நன்றியுடன் நினைத்தல் தகும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் ‘சர்ஜரி’ என்பது குடும்ப மருத்துவரின் ஆலோசனை அறையையும் குறிக்கும். அங்கு வாழும் மகன், “நாளை சர்ஜரிக்குப் போகிறேன்” என்று தொலைபேசியில் கூறினால், இங்குள்ள பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கச் செல்கிறாராக இருக்கலாம்.

‘ஹவுஸ் சர்ஜன்’ என்னும் பெயர் கேட்டு அவரே அறுவை செய்வார் என்று அஞ்சுவோர் உண்டு. அவர் எம்.பி.பி.எஸ். படிப்பின் நிறைவாக ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர்; மூத்தோர் மேற்பார்வையில் பணி செய்பவர். ‘டியூட்டி டாக்டர்’ அந்த நேரத்தில் வார்டில் பொறுப்பில் இருப்பவர். மாலையில் வேறொருவர் வருவார். ‘கன்சல்டன்ட்’ உங்கள் சிகிச்சையைத் தீர்மானிக்கும் மூத்த வல்லுநர். நோயாளிகள் பேச்சில் இவர் ‘பெரிய டாக்டர்’. ஏனையோர் ‘சின்ன டாக்டர்’. இந்தப் பாகுபாடு எங்களுக்கு அவ்வளவாக உவப்பில்லை. பெரும்பாலும் வயதையும் நரையையும் கொண்டே அது அமைகிறது. பெண் மருத்துவர் எத்துணை மூத்தவராயினும் ‘சின்ன டாக்டரம்மா’ ஆகிவிடுகிறார். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலை முதலில் கண்டுபிடிப்பவரும் பல வேளைகளில் அந்தச் ‘சின்ன’ டாக்டரே.

தமிழ்ச் சொற்களிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. தமிழகத்தில் ‘வைத்தியர்’ என்றதும் நாட்டு மருந்து கொடுப்பவரே நினைவுக்கு வருவார். இலங்கையிலோ ஆங்கில மருத்துவம் பயின்றவரும் வைத்தியரே. மருத்துவமனை அங்கு வைத்தியசாலை. இலங்கையிலிருந்து சிகிச்சைக்கு வரும் ஒருவர் “வைத்தியர் தந்த மருந்து” என்று கூறினால், அது சூரணமா மாத்திரையா என்று எங்கள் பணியாளர் கேட்பர். அதை அவமதிப்பாகக் கொள்ளற்க. எந்த மருந்தோடு எதனைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்ய அது தேவை.

ஆகவே மருத்துவர் உங்கள் படுக்கையருகே வரும்போது, “ஐயா, தாங்கள் எந்தத் துறை?” என்றோ, “அம்மா, தங்கள் பெயர் என்ன?” என்றோ தயங்காமல் கேளுங்கள். ஒருவர் ஒரு மருந்தை நிறுத்தச் சொன்னால், ‘எதுவரை?’, ‘திரும்பத் தொடங்கச் சொல்பவர் யார்?’ என்னும் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

அந்த முதியவருக்கு மாத்திரை அன்றே திரும்பத் தொடங்கப்பட்டது. இப்போது நலமாக இருக்கிறார். சென்ற மாதம் வந்தபோது அம்மையார் கையில் பேத்தியின் பழைய பள்ளி நோட்டு ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் ‘குடல் டாக்டர்’, மறுபக்கத்தில் ‘இதய டாக்டர்’ என்று எழுதியிருந்தார். மூன்றாவதாக, ‘கேள்வி கேட்ட நர்ஸம்மா’ என்றும் ஒரு பக்கம் இருந்தது. அதில் அவருடைய பணிநேரம் குறிக்கப்பட்டிருந்தது.