வெடித்த காயைப் பறி

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கிணற்றுத் தோட்டத்துக்கு வேலியே கொடுக்காப்புளி மரங்கள்தான். பங்குனி பிறந்துவிட்டால் பள்ளிக்கூடம் விட்டதும் தொரட்டிக் கம்போடு அங்கேதான் நிற்போம். முள் கீறாத கை எங்கள் வகுப்பில் கிடையாது.

காய் இல்லாத நாளிலும் இந்த மரத்தை இலை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு இலை, மொத்தம் நான்கு. காம்படியில் ஜோடி முள். காய் சுருண்டு கிடக்கும். வடக்கே காட்டு ஜிலேபி என்று சொல்வது சும்மா இல்லை. பூர்வீகம் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா. ஆனால் ஆங்கிலத்தில் இதற்கு ‘மெட்ராஸ் முள்’ என்றும் ஒரு பெயர்! வந்த மரத்துக்கு நம் ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது.

நான் செய்த முதல் தப்பு, தோல் சிவந்ததுமே பறித்தது. சுளையைக் கடித்தால் ஒரே துவர்ப்பு. தொண்டையைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு முழுக்கக் கரகரப்பு. ஆச்சி சிரித்தாள். “சிவந்தா போதுமாலே? வெடிக்கணும். கிளி கொத்துன காய்க்குப் பக்கத்துக் காயைப் பாரு.” அதுதான் இன்றுவரை எனக்குக் கணக்கு. விளிம்பு பிளந்து, சுளை பஞ்சுபோல வெளியே பிதுங்க வேண்டும். வெள்ளையில் லேசாக ரோஸ் ஓடிய சுளை என் கட்சி: முதலில் தித்திப்பு, பின்னால் மெல்லிய துவர்ப்பு. வாயில் போடுமுன் சுளையைப் பிட்டுப் பாருங்கள். விதையில் ஊசித் துளையோ மாவு மாதிரித் தூளோ தெரிந்தால் உள்ளே புழு.

புளியங்காயில் செங்காய்தான் ருசி. ஓடு சதையை விட்டு விலகியிருக்கும், விரலால் தட்டினால் ‘டொக்’கென்று கேட்கும். உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தால் போதும். மறுநாள் பல் கூசும், அது வேறு விஷயம்.

தூங்குமூஞ்சி மரத்துக் காயையும் விட்டுவைக்கவில்லை. கறுத்த, பிசுபிசுத்த காய். கருப்பட்டிப் பாகு வாசனை. தித்திக்கத்தான் செய்யும். ஆனாலும் ஆடுமாடு மிதித்த பாதையில் கிடப்பது, அவற்றுக்கே இருக்கட்டும்.

இந்தத் தைரியத்தில்தான் சரக்கொன்றையில் மாட்டினேன். கம்பு மாதிரி நீண்ட கரிய காய். உடைத்தால் காசு அடுக்கியதுபோல அறை அறையாக, தார் போன்ற கறுப்புச் சதை. அதுவும் இனிக்கவே நாலைந்து அறையை நக்கித் தீர்த்தேன். சித்த வைத்தியத்தில் அது பேதி மருந்து என்பதை அன்று ராத்திரி முழுக்கக் கொல்லைக்கு ஓடித் தெரிந்துகொண்டேன்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று. வேலியில் படர்ந்த கொடியிலும் காய் வெடித்துத் தொங்கும். உள்ளே சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி. கொடிய விஷம். பக்கத்திலேயே விடாதீர்கள்.

கொடுக்காப்புளி தின்று முடித்தாலும் விளையாட்டு பாக்கி இருக்கும். விதையின் கறுப்புத் தோலை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற காப்பிக்கொட்டை நிறத் தோல் கிழியக் கூடாது, வெள்ளைப் பருப்பு எட்டிப் பார்த்தால் அவுட். போன வாரம் பேத்தியோடு உட்கார்ந்து பன்னிரண்டு விதை உரித்தேன். தேறியது மூன்று.