தமனியும் தந்துகியும்: பாம்புக் கடிக்குக் கயிறு கட்டலாமா?

பால்மரக் காட்டில் ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டால், அருகிலிருப்போர் முதலில் தேடுவது ஒரு கயிற்றையே. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டினால் நஞ்சு உடலில் ஏறாது என்பது நெடுங்கால நம்பிக்கை. அது சரியா என்பதை அறிய, நம் உடலில் இரத்தம் ஓடும் முறையை முதலில் தெரிந்து கொள்ளுதல் வேண்டும்.

தமனிகள்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு. இருதயம் ஓய்வு வேளையில் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை சுருங்கி அதனை உந்துகிறது. இருதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்களே தமனிகள். தமனியின் சுவர் மூன்று அடுக்குகளைக் கொண்டது. உள்ளடுக்கு வழுவழுப்பானது, நடுவடுக்கு தசையும் மீள்தன்மையுள்ள இழைகளும் கொண்டது, வெளியடுக்கு உறுதியான நாரால் ஆனது. இருதயம் உந்தும்போது தமனி விரிந்து, பின் சுருங்கி, இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் நாம் உணரும் நாடித்துடிப்பு இதுவே.

தந்துகிகள்

தமனிகள் கிளை விட்டுப் பிரிந்து, இறுதியில் தந்துகிகளாகின்றன. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறிட்டால் வரும் ஒரு கூறின் அளவே இவற்றின் அகலம். சிவப்பணுக்கள் இவற்றினூடே ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல இயலும். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-இல் எடுத்துரைத்தபோது, தந்துகிகளை எவரும் கண்டதில்லை. 1661-இல் மால்பீகி என்ற இத்தாலியர், நுண்பெருக்கியின் வழியே தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டார்.

தந்துகியின் சுவர் ஒரே ஓர் உயிரணுவின் தடிப்புடையது. அதனால்தான் உயிர்வளியும் உணவுச் சத்தும் அதனூடே தசைக்குச் செல்கின்றன. கழிவுப் பொருள்கள் இரத்தத்திற்குத் திரும்புகின்றன. பின்னர் சிரைகள் இரத்தத்தை இருதயத்திற்கு மீண்டும் கொண்டு சேர்க்கின்றன. தமனி வழி, தந்துகியோ வேலை நடக்கும் இடம்.

நஞ்சு செய்யும் தீங்கு

மலாய் மொழியில் ‘ஊலார் காப்பாக் போடோ’ எனப்படும் மலாயா குழிவிரியன், தீபகற்பத்தின் வடபகுதித் தோட்டங்களில் காணப்படுவது. ஆள் வந்தாலும் விலகாமல் சருகோடு சருகாய்ச் சுருண்டு கிடக்கும் இயல்புடையது. ஆகவே, இருள் பிரியுமுன் நிரைக்குச் செல்வோர் இதனை அறியாமல் மிதித்துவிட நேர்கிறது.

பினாங்கு பொது மருத்துவமனையில் 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், இவ்விரியன் கடித்த நோயாளிகளை ஆராய்ந்து, 1963-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். இந்நஞ்சு இரு வகையில் தீங்கு செய்கிறது. முதலாவதாக, தந்துகிச் சுவரைச் சிதைக்கிறது. அதனால் இரத்தமும் நீரும் கசிந்து, கால் வீங்கிக் கொப்புளம் காண்கிறது. இரண்டாவதாக, இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை அழிக்கிறது. மரத்தின் வெட்டுவாயில் பால் உறைந்து ஒழுக்கு நிற்பதைப் போலவே, நம் காயத்திலும் இரத்தம் உறைந்து நிற்கிறது. ஃபைப்ரினோஜன் அழிந்தபின் அவ்வாறு நிற்பதில்லை. கடிபட்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்து, அது உறைகிறதா எனப் பார்ப்பதே மருத்துவர் செய்யும் எளிய சோதனை.

கயிறு ஏன் ஆகாது?

வீங்கும் காலில் கயிறு மேலும் இறுகும். சிரை அடைபட்டால் இரத்தம் தேங்கி வீக்கம் மிகும். தமனியும் அடைபட்டால் தந்துகிகளுக்கு இரத்தமே செல்லாது. உயிர்வளி கிட்டாத தசை அழுகும். நஞ்சிலிருந்து பிழைத்தவர், கயிற்றினால் காலை இழக்க நேரிடலாம்.

செய்ய வேண்டியவை

1. கடிபட்டவரை அமைதிப்படுத்தி, நடக்கவிடாமல் படுக்க வைக்கவும்.

2. கடிபட்ட காலை அல்லது கையை அசையாதவாறு வைக்கவும்.

3. வீக்கம் காணுமுன் மோதிரம், மெட்டி, கொலுசு, காலணி ஆகியவற்றைக் கழற்றவும்.

4. கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையும் கூடாது. அது இரத்தக் கசிவை மிகுவிக்கும்.

5. முன்னரே யாரேனும் இறுகக் கட்டியிருந்தால், அதனை அவிழ்ப்பதை மருத்துவரிடமே விடவும்.

6. காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். பாம்பைத் துரத்திப் பிடிக்க முயல வேண்டாம்.

கடிபட்ட அனைவருக்கும் நஞ்சு மிகுதியாக ஏறுவதில்லை. தக்க சிகிச்சை பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். எனினும், வீக்கம் இல்லையென வீட்டிலேயே தங்கிவிடுதல் தவறு. நஞ்சு ஏறியுள்ளதா என்பதை மருத்துவரே உறுதி செய்தல் வேண்டும். கணுக்காலை மூடும் காலணியும் கையில் ஒரு விளக்கும் இருந்தால், இத்துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.