பெரிய மட்-டெரெயின் டயர்: சேத்துல ஒரு நாளுக்கு எவ்வளவு ஆகும்?

தென்னேரி ஏரிக்கரைச் சேத்துல ஓட்ட மஹிந்திரா தாருக்குப் பெரிய மட்-டெரெயின் டயர் போடலாமா? கணக்கு பார்ப்போம்.

ஸ்டெப்னியோட சேர்த்து 5 டயருக்குக் கூடுதல் செலவு 80,000 ரூபாய், ஆயுள் 4 வருஷம்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு 5 நாள் சேறுன்னா மொத்தம் 20 நாள். ஒரு நாளுக்கு 4,000 ரூபாய்! வாரா வாரம் சேறுன்னா சுமார் 400தான். மிச்ச நாள் ஒரகடம் ஆபீஸ் ரூட்ல இரைச்சலும் டீசல் செலவும் கூடும்.

245/75 ஆர்16-க்குப் பதில் 285/75 ஆர்16 போட்டால் டயர் உயரம் 774-லிருந்து 834 மி.மீ. ஆகும். முன்பு சரியாக இருந்த மீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 86.

மாத்துறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க. இல்லேன்னா கிளெய்ம்ல சிக்கல் வரலாம். வருஷத்துக்கு 5 நாள்தானா? கம்பெனி சைஸ்லயே ஆல்-டெரெயின் போதும். டயருக்காக இஎம்ஐ வேண்டாம்.