மூட்டையா, பொட்டலமா?

போன ஆடி மாதம், எங்கள் பட்டறையில் பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் ஒருவனைப் பார்க்க அவன் அறைக்குப் போயிருந்தேன். மூன்று நாளாகக் காய்ச்சல். காக்களூர் சிட்கோவுக்குப் பின்னால், பத்துக்குப் பத்து அறை. இரண்டு பேர் வாடகையைப் பாதிப்பாதி போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் 26 கிலோ அரிசி மூட்டை. ஜன்னல் திட்டில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். மூலையில் சோப்புத்தூள் வாளி. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வந்த தக்காளி கெட்சப் இரண்டு பாட்டில், மேல்மூடிகூடக் கழற்றாமல். இத்தனைக்கும் நடுவே அவன் ஓட்டல் இட்லியைப் பிரித்துவைத்துத் தின்றுகொண்டிருந்தான். கேஸ் தீர்ந்து ஒரு வாரம் ஆகிறதாம்.

"எதுக்குப்பா இவ்வளவு சாமான்?" என்றேன்.

"அம்மாதான் சார். மாசச் சாமானை மொத்தமா வாங்கிப் போட்டாதான் காசு நிக்கும்னாங்க. கடையில ஆஃபரும் போட்டிருந்தான் சார்."

மூட்டை வாயைப் பிரித்துக் கையை விட்டேன். உள்ளங்கையில் அரிசியைவிட வண்டுதான் அதிகம் நகர்ந்தது.

இவன் ஒருவன் கதையில்லை. கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து ஐடிஐ முடித்து வருகிற பையன்களில் பாதிப் பேர் இப்படித்தான். ஒன்று, அம்மா சொன்னாள் என்று மூட்டை வாங்குகிறான். இல்லையென்றால், கூடப் படித்தவன் படம் போட்டான் என்று பெரிய கடையில் தள்ளுவண்டியை நிரப்புகிறான். இருபதாம் தேதி வந்தால் என்னிடம் ஐந்நூறு கேட்டு நிற்கிறான். அதனால் எழுதுகிறேன்.

எளிதான வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

தொழிற்சாலை கேன்டீன் இருந்தால் அங்கேயே சாப்பிடுங்கள். ஆனால் ஆள் அதிகம் வேலை செய்கிற இடத்தில்தான் கேன்டீன் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. கும்மிடிப்பூண்டியில் பெரிய ஆலைக்குப் போன உங்கள் நண்பனுக்கு அது கிடைக்கலாம். காக்களூரில் முக்கால்வாசி சின்னப் பட்டறை, முப்பது பேர், ஐம்பது பேர். இங்கே டிபன் பாக்ஸ்தான்.

மெஸ் என்றால் மாதக் கணக்கு வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஊருக்குப் போகிற நாளைக் கழிப்பார்களா? கழிக்க மாட்டோம் என்றால், வேளைக்கு வேளை காசு கொடுத்துச் சாப்பிடுவதே லாபம். நேர்காணலுக்குச் சென்னைப் பக்கம் போகிற நாளில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் தொடங்கியபோது வைத்த விலைதான், இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து. கௌரவம் பார்க்கிறவன் பசியோடு திரும்பட்டும்.

ரேஷனைப் பையன்கள் அடியோடு மறந்துவிடுகிறார்கள். அப்பா பெயரில் இருக்கிற அட்டையில் உங்கள் பெயரும் இருக்கும். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்தில் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் ஊர் அட்டைக்கு இங்கே விரல் வைத்து அரிசி, கோதுமை வாங்க வழி இருக்கிறது. ஊரில் வீடு நிறைய ஆள் இருந்து அங்கேயே வாங்கினால், அங்கேயே வாங்கட்டும். ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் பஸ்ஸில் வந்துவிடும். ரேஷன் அரிசி வாடை அடிக்கிறது என்பவர்களுக்கு: நாலு தண்ணீர் களைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு வடித்துப் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் இட்லிக்குப் போடுங்கள்.

இனி மூட்டைக்கு வருகிறேன்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பொய்யில்லை. அது உங்கள் அம்மாவின் கணக்கு. ஐந்து பேர் சாப்பிடும் வீடு. தகர டப்பாக்கள் அடுக்கிய அலமாரி. வெயில் வந்தால் மாடியில் காயப்போட்டுப் புடைத்து எடுக்க ஓர் ஆள். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு மூடத் தெரிந்த கை. இத்தனையும் சேர்ந்தால்தான் மூட்டையில் மிச்சம் வரும். நீங்கள் மூட்டையை மட்டும் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

கணக்குப் போடுங்கள். தனி ஆள், வாரத்தில் நாலு நாள் சமைக்கிறீர்கள், ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. மாதத்துக்கு ஏறக்குறைய ஐந்து கிலோதான். 26 கிலோ ஐந்து மாதம் வரும். ஆடியில் வாங்கினது ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டுத்தான் தீரும். அந்த ஈரத்தில் வண்டு என்ன, பூஞ்சையே வரும்.

இந்த 26 என்ற எண்ணே ஒரு வேடிக்கை. 2022 ஜூலையில், 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயர் அச்சடித்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே மூட்டையில் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கிவிட்டார்கள். வரி தப்பியது உண்மை. வரி மிச்சம் என்று வாங்கி, அதைவிட அதிகமாக வண்டுக்குக் கொடுக்கிறவனைத்தான் நான் பார்க்கிறேன். உதிரியாக எடை போட்டு வாங்கும் இரண்டு கிலோ அரிசிக்கு அந்த வரியே கிடையாது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்து ஆஃபர். முன்பெல்லாம் பிஸ்கட், எண்ணெய், சோப்புத்தூள் எல்லாம் இன்னின்ன எடையில்தான் பொட்டலமிட வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது லிட்டர் பாக்கெட் மாதிரியே தோற்றம், உள்ளே 850 மில்லி. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாக்கெட்டின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். எடை விதியை எடுத்தவர்கள் பதிலுக்கு ஒரு நல்லதும் செய்தார்கள். ஒரு கிராம், ஒரு மில்லி என்ன விலை என்பதை உறையிலேயே அச்சிட வேண்டும். பெரிய விலைக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி இருக்கும். இரண்டு பாக்கெட்டையும் கையில் எடுத்து அந்த எறும்பை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவாக இருக்காது.

ஷாம்புவில் பெரியது மலிவு என்பதே தலைகீழ். கடலூர் சின்னிகிருஷ்ணன் காட்டிய வழியில் வளர்ந்ததுதான் நம் ஊர் சாஷே வியாபாரம். அந்த ஒரு ரூபாய்ப் பொட்டலத்தில் எத்தனை மில்லி என்று பார்த்து, பாட்டில் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். பல கம்பெனிகளில் பாட்டில்தான் விலை அதிகம். பாட்டில் என்றால் கையும் தாராளமாகக் கவிழும். பொட்டலம் தன் அளவைத் தானே சொல்லிவிடும். சரம் சரமாகத் தொங்கும் பொட்டலத்தை ஏழைச் சாமான் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. (பிளாஸ்டிக் குப்பை சேருமே என்று என் மகள் சண்டைக்கு வருகிறாள். அவள் சொல்வதும் சரிதான். அது வேறு கட்டுரை.)

கையில் நிறைய இருந்தால் நிறையச் செலவாகும் என்பது எண்ணெயில் இன்னும் மோசம். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நான் டர்னராக இங்கே வந்த புதிதில், முதல் போனஸில் ஒரு பெரிய கடையில் 15 கிலோ எண்ணெய் டின் வாங்கினேன். அந்த மாதம் முழுக்க எங்கள் அறையில் தினம் பஜ்ஜி. மூன்றாம் மாதம் எண்ணெயில் காறல் வாடை. மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்காரம்மாவிடம் விளக்கேற்றக் கொடுத்தேன். "சாமிக்கே நாத்தம் புடிக்கும்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் பெரிய கடை என்றாலே எனக்கு ஒரு கசப்பு உண்டு. என் மச்சான் பஜார் தெருப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே படிக்கலாம்.

கழித்த பிறகும் இது மிஞ்சும்: அறைவாசிக்கு ஏற்றது தெருமுனைக் கடை. வாரத்துக்கு ஒரு முறை, எழுதிய சீட்டோடு. கால் கிலோ பருப்பு, நூறு கிராம் மிளகாய்த்தூள், அரை லிட்டர் எண்ணெய். கிலோவுக்கு நாலு ரூபாய் கூடத்தான் கொடுப்பீர்கள். திருவள்ளூர் போய்வர ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பது அதைவிட அதிகம். சம்பளம் ஏழாம் தேதிக்குள் வரும் என்றாலும் ஒன்றாம் தேதியே பசிக்குமே, அந்த இடைவெளிக்குக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பார். வட்டியில்லாத கடன் அது. ஆனால் அந்த நோட்டின் நகல் ஒன்று உங்கள் கையிலும் இருக்க வேண்டும், தேதியோடு. கடைக்காரர் ஏமாற்றுவார் என்பதற்காக இல்லை. நாம் மறந்துவிடுவோம்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்தே, வெளிக்கடை விலைக்குக் கீழே விலைப்பலகை எழுதிப் போடுவதுதான் அதன் முறை. காலையிலேயே போக வேண்டும். ஷிஃப்ட் உள்ளவனுக்கு அது நடக்காது. அவன் சாயங்காலம், தள்ளுவண்டிக்காரர் கூறு கட்டி விற்கிற நேரத்துக்குப் போகலாம். கூறில் அடியில் இருக்கும் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

பால் நம் ஊரிலேயே பொட்டலமாகிறது, ஆவின் பண்ணை காக்களூரில்தானே இருக்கிறது. அரை லிட்டர் நீலப் பாக்கெட் 2021 மே மாதம் 20 ரூபாய்க்கு இறங்கியது. டீக்குத் தேவை அந்த நீலமே. ஆரஞ்சு வாங்கித் தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மொத்தமாக வாங்கலாம் என்று நான் ஒப்புக்கொள்வது முட்டை ஒன்றைத்தான். மூன்று பேர் சேர்ந்து முப்பது முட்டை அட்டை ஒன்று வாங்கினால் பத்து நாளில் தீர்ந்துவிடும், கெடுவதற்குள்.

அடுப்பு விஷயம் கொஞ்சம் சிக்கல். ஊர் முகவரி அட்டையை வைத்துக்கொண்டு 14.2 கிலோ இணைப்பு வாங்க அலையாதீர்கள். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும். மானியம் கிடையாது, கிலோவுக்கு விலை அதிகம்தான். இன்டக்‌ஷன் அடுப்பா? 2000 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டுக்காரரின் மீட்டருக்கு. அவர் உங்களிடம் யூனிட்டுக்கு இத்தனை என்று தனியாக வாங்குவார். அறை பேசும்போதே அதைக் கேட்டுவிட்டு அடுப்பு வாங்குங்கள். வாங்கிவிட்டுக் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

எல்லாவற்றையும்விடப் பணம் மிச்சமாவது கூட்டுச் சமையலில். நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவன் குழம்பு, ஒருவன் காய் நறுக்க, ஒருவன் பாத்திரம், நான் கணக்கு. எனக்கு உப்பின் அளவு இன்றுவரை பிடிபடவில்லை. கணக்கு பிடிபட்டது. எல்லோரும் சமைக்கவும் வேண்டாம், எல்லோருக்கும் அது வராது. ஒருவனுக்குப் பேரம் பேச வரும், கடைக்கு அவனை அனுப்புங்கள். ஒருவனுக்கு விடியற்காலையில் எழ வரும், சந்தைக்கு அவன். லேத்தில் முதல் நாளே மைக்ரான் பிடிக்கச் சொன்னால் யாருக்கு வரும்? முதலில் பட்டை உரிக்கிற மாதிரி ரஃப் கட் எடுத்து, கை பழகிய பிறகுதான் ஃபினிஷிங். சமையலும் சிக்கனமும் அப்படித்தான். முதல் மாதம் குழம்பு கருகும், கணக்கு இடிக்கும், நாலு பேரில் ஒருவன் கோபித்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போவான். மூன்று மாதம் பொறுங்கள். அவன் திரும்பி வந்துவிடுவான். எங்களில் போனவன் நாற்பதாம் நாள் வந்தான்.

காய்ச்சல் பையன் இப்போது பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து சமைக்கிறான். அரிசியை வீட்டுக்காரம்மா மாடியில் காயப்போட்டு, புடைத்து, பாதியைத் தோசை மாவுக்கு எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குத் தோசை வருகிறது. போன வாரம் போயிருந்தபோது எனக்கும் இரண்டு கிடைத்தது. சட்னி தீர்ந்துபோயிருந்தது. கெட்சப் பாட்டிலை முதல் முறையாகத் திறந்தார்கள்.