டிராக்டர் ஆல்டர்னேட்டரைப் பொருத்துவதற்கு முன் பரீக்ஷித்தல்

அரிமளத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் நடைபெறும் சாகுபடி, காவிரி பாயும் டெல்டாவின் சாகுபடியைப் போன்றதன்று. இங்கே பெரும்பான்மையான நிலங்கள் வானத்தையும் கண்மாயையும் நம்பியே இருக்கின்றன. மழை பெய்த சில நாட்களுக்குள் உழவை முடிக்காவிடில் செம்மண் இறுகிக் கொழு இறங்காது போய்விடும். ஆகையால் அந்த நாட்களில் இரவென்றும் பகலென்றும் பாராது டிராக்டர் ஓடவேண்டியிருக்கிறது. அப்பொழுது யந்திரம் நின்றுபோனால் ஏற்படும் நஷ்டம் ரிப்பேர்ச் செலவோடு முடிவதன்று. அந்தப் பட்டமே தவறிவிடக்கூடும்.

இவ்வாறு நின்றுபோவதற்குரிய காரணங்களுள் ஆல்டர்னேட்டர் பழுதும் ஒன்று. இது சிறிய பாகமாயினும் வஞ்சகமானது. டீசல் என்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால், பழைய மாதிரி டிராக்டர்களில், மின்சாரமின்றியே ஓடிக்கொண்டிருக்கும். ஆதலின் ஆல்டர்னேட்டர் வேலை செய்யாவிடினும் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு முன்விளக்குகள், ஒவ்வொன்றும் 55 வாட் என்று கொண்டால், சுமார் 9 ஆம்பியர் மின்சாரத்தை உண்ணும். 75 ஆம்பியர்-மணி பாட்டரி ஆறேழு மணி நேர இரவு உழவில் பெரும்பாலும் வற்றிவிடும். விடியற்காலையில் டீசல் ஊற்றுவதற்காக என்ஜினை நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பும்பொழுதுதான் செல்ப் சுழலாமை தெரியவரும். நடு வயலில் சேற்றில் நிற்கும் டிராக்டரைத் தள்ளிக் கிளப்புவது எத்தகைய வேலை என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

எனக்கே நேர்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ஓர் ஆண்டு ஐப்பசி மழைக்கு முன், சார்ஜ் ஏறவில்லையென்று பழைய ஆல்டர்னேட்டரைக் கொடுத்துவிட்டு, புதுப்பித்த ஒன்றைக் கடையில் மாற்றி வாங்கினேன். கடைக்காரர் அதை மோட்டாரில் மாட்டிச் சுழற்றி, மீட்டரில் 14 வோல்ட் காட்டுவதை எனக்குக் காண்பித்தார். நானும் திருப்தியடைந்து வந்துவிட்டேன். இரண்டாம் நாள் இரவு உழவிலேயே பாட்டரி இறங்கிப்போயிற்று. கழற்றிப் பிரித்துப் பார்த்ததில், ஆறு டையோடுகளில் ஒன்று உள்ளே அறுந்திருந்தது. சுமையில்லாமல் சுழற்றும்பொழுது மற்ற ஐந்தும் சேர்ந்து 14 வோல்ட்டைக் காட்டிவிடும். விளக்கும் பாட்டரியும் மின்சாரத்தை இழுக்கும்பொழுதுதான் குறை வெளிப்படும். மூன்று நாள் உழவு போயிற்று. அன்று நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, "எத்தனை வோல்ட்?" என்பதன்று; "எத்தனை ஆம்பியர் சுமையில் எத்தனை வோல்ட்?" என்பதேயாகும்.

சோதனையின் பொருள் விளங்குவதற்கு, உள்ளமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். காந்தத்தை அசைப்பதால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1831-ல் கண்டறிந்தார். ஆல்டர்னேட்டரின் நடுவே சுழலும் ரோட்டார் ஒரு மின்காந்தம். இரண்டு கார்பன் பிரஷ்கள் செப்பு வளையங்களின் மேல் உராய்ந்து அதற்குச் சிறிதளவு மின்சாரத்தை ஊட்டுகின்றன. அதனைச் சூழ்ந்துள்ள ஸ்டேட்டாரின் மூன்று சுருள்களில் மாறுமின்சாரம் உண்டாகிறது. அதனை ஒரே திசையில் செல்லும் மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்புவன டையோடுகள். அளவு மீறாதபடி காப்பது ரெகுலேட்டர். பழைய வண்டிகளிலிருந்த டைனமோவில் டையோடுகள் இல்லை; என்ஜின் மெதுவாக ஓடும்பொழுது அது ஏறக்குறைய ஒன்றும் தராது. சிலிகான் டையோடு மலிவான பின்னரே, 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. நம் பக்கத்தில், 1961-ல் தோன்றிய லூக்காஸ் டி.வி.எஸ். கம்பெனி சென்னை பாடியிலேயே இத்தகைய சாதனங்களைச் செய்துவருவதால், உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டுவதில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, பிடிப்புக் காதுகளின் அகலம், புல்லியின் அளவு, அதன் பள்ளம், ஒயர் மாட்டும் முனைகள், தகட்டில் பொறித்துள்ள வோல்ட்டும் ஆம்பியரும் ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புல்லி ஒரு நூல் விலகியிருந்தாலும் பெல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்து அறுந்துவிடும். பிறகு புல்லியைக் கையால் சுழற்றிக் காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். பேரிங் நல்லதாயின் வழுவழுப்பாகச் சுழலும்; மணல் அரைபடுவது போன்ற ஓசை வந்தாலும், தண்டை மேலும் கீழும் அசைக்கும்பொழுது ஆட்டம் தெரிந்தாலும், அதை வாங்குதல் கூடாது.

அடுத்தது மல்டிமீட்டர் சோதனை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவி, டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கத்தக்கது. மீட்டரை டையோடு அடையாளத்தில் வைத்து, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் உடலிலும், கறுப்பு முனையைப் பாட்டரிக்குச் செல்லும் பெரிய போல்ட்டிலும் வைக்கவேண்டும். ஏறக்குறைய 0.8 முதல் 1 வோல்ட் வரை காட்டுமாயின் நலம். ஏனெனில் மின்சாரம் அங்கே இரண்டு டையோடுகளைக் கடந்து செல்கிறது. அதில் பாதியளவே காட்டுமாயின் ஒரு டையோடு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதென்று பொருள். முனைகளை மாற்றி வைத்தால் மின்சாரம் அவ்வாறு செல்லக்கூடாது. இரண்டு பக்கமும் சூன்யத்தை ஒட்டிக் காட்டுவது முற்றும் கெட்டது. ஆனால் எனக்கு நேர்ந்ததுபோல் டையோடு அறுந்திருந்தால் இச்சோதனை அதைக் காட்டிக்கொடாது என்பதை மறத்தலாகாது. மற்றவை அதன் குறையை மறைத்துவிடும்.

மீட்டர் இல்லாதவர்கள், 12 வோல்ட் பாட்டரியும் ஒரு சிறு பல்பும் கொண்டு இதையே செய்யலாம். பாட்டரியின் பிளஸ் முனையை ஆல்டர்னேட்டர் உடலிலும், மைனஸ் முனையைப் பல்பின் வழியாகப் பெரிய போல்ட்டிலும் தொட்டால் பல்பு எரிய வேண்டும். மாற்றித் தொட்டால் எரியக்கூடாது. பல்பை இடையில் வையாமல் நேரே தொடுவது டையோடுகளைப் பொசுக்கிவிடும்.

பிரஷ் கூட்டைக் கழற்றக்கூடிய வகையாயின் கழற்றிப் பார்ப்பது மிகவும் பயனுடையது. பிரஷ் மிகவும் குட்டையாகி வளையத்தை அழுத்தாமல் நிற்பதே சார்ஜ் ஏறாமைக்குச் சாதாரணமான காரணம். செப்பு வளையங்கள் இரண்டின் மேலும் மீட்டரின் முனைகளை வைத்தால், 12 வோல்ட் ஆல்டர்னேட்டருக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 5 ஓம் வரை காட்டும். ஒன்றும் காட்டாவிடில் சுருள் அறுந்தது. மிகக் குறைவாயின் சுருளில் இன்சுலேஷன் கெட்டு ஒட்டியது. வளையத்திற்கும் ரோட்டாரின் இரும்புக்கும் இடையே தொடர்பே இருத்தலாகாது. ஸ்டேட்டார்ச் சுருள்களை இந்த மீட்டரால் நுட்பமாக அளக்க இயலாது; கருகிய வாடையும் கறுத்த கம்பியும் இருக்கிறதா என்று பார்ப்பதே போதும்.

இவையாவும் தேறிய பிறகும், கடையிலேயே சுழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். சுழற்றும்பொழுது பாட்டரியோடு இணைத்து, முன்விளக்குகள் இரண்டையேனும் சுமையாக மாட்டி, கால் மணி நேரமாவது ஓடவிடவேண்டும். சூடேறிய பிறகே தலைகாட்டும் குறைகள் பல உண்டு. சுமையுடன் 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் ஏற்றுக்கொள்ளலாம். அந்நிலையில் மீட்டரை மாறுமின்சார அளவிற்குத் திருப்பிப் பாட்டரி முனைகளில் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. காட்டினால் டையோடு ஒன்று அறுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கடைக்காரர் நேரமில்லையென்று சொன்னால், வேறு கடை பார்ப்பதே உசிதம்.

டிராக்டரில் பொருத்துவதற்கு முன் பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுதல் அவசியம். முனைகளை மாற்றி மாட்டினால் ஒரு கணத்தில் டையோடுகள் எரிந்துபோகும். பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும். மிக இறுக்கினால் பேரிங் கெடும், தளர்த்தினால் வழுக்கும். சாவியைத் திருப்பியவுடன் சார்ஜிங் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல வகைகளில் அவ்விளக்கின் வழியாகவே ரோட்டாருக்கு முதல் மின்சாரம் செல்கிறது. பல்பு எரிந்துபோயிருந்தால் நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் செய்யாது நிற்கலாம். அப்பொழுது, ஆல்டர்னேட்டரின் பின்புறப் பேரிங் அருகே ஒரு ஸ்குரூடிரைவரைக் கொண்டுசென்றால் காந்தம் இழுப்பதையும் கையில் உணரலாம். மீட்டரில்லாத கிராமத்தில் இது நல்ல அடையாளம்.

என்ஜின் ஓடும்பொழுது பாட்டரி ஒயரைக் கழற்றி, என்ஜின் அணைகிறதா, பொறி பறக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் டைனமோ காலத்து மெக்கானிக்குகளிடமிருந்து வந்தது; இன்றும் நம் பக்கத்தில் காணப்படுகிறது. இதனை உடனே கைவிட வேண்டும். பாட்டரி விலகிய அக்கணத்தில் வோல்ட் பன்மடங்கு தாவி, ரெகுலேட்டரையும் டையோடுகளையும் ஒருங்கே கெடுத்துவிடும். பரீக்ஷிக்க வந்தவரே பழுதை உண்டாக்கிவிட்டு, "பார்த்தீர்களா, கெட்டுத்தான் போயிருக்கிறது" என்று கூறுவதும் உண்டு.

கூட்டுறவுச் சங்கத்தின் அல்லது ஊராட்சியின் வண்டிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர்கள், ரிப்பேர்ப் பில்லில் கையெழுத்திடுமுன் நான்கு எண்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: என்ஜின் ஓடாதபொழுது பாட்டரியின் வோல்ட், ஓடும்பொழுது வோல்ட், எல்லா விளக்குகளையும் போட்டபின் வோல்ட், அப்பொழுது ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கும் பாட்டரியின் பிளஸ் முனைக்கும் இடையேயுள்ள வித்தியாசம். நல்ல நிலையில் இவை முறையே 12.6, 13.8 முதல் 14.4 வரை, 13.5-க்குக் குறையாமை, அரை வோல்ட்டுக்கு மேற்படாமை என்று அமையும். கடைசி எண் பெரிதாயின் பழுது ஆல்டர்னேட்டரில் இல்லை. ஒயரிலோ, துருவேறிய முனையிலோ இருக்கிறது. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். பழையதை மாற்றுக்குக் கொடுக்குமுன் அதற்கும் இதே சோதனைகளைச் செய்துவிட வேண்டும். பிரஷ் மட்டும் தேய்ந்த ஆல்டர்னேட்டரைச் சிறு செலவில் சரிசெய்துகொள்ளலாம்.